யூரியா மூட்டையும் ராமநாதபுரத்து வெடிச்சத்தமும்

பிசான நடவு முடிஞ்சு பயிர் பச்சை பிடிச்சாச்சு. மேலுரம் போடணும்னு சொசைட்டியில் கைரேகை வச்சு நாலு மூட்டை யூரியா எடுத்துட்டு வந்தேன். 45 கிலோ மூட்டை, 266 ரூபா 50 பைசா. வண்டியிலிருந்து இறக்கும்போது, லீவுக்கு வந்திருந்த சென்னை மருமகன் மூட்டையைத் தட்டிக்கிட்டே கேட்டான்.

"மாமா, இதை எதுலருந்து செய்றாங்க?"

"காத்துல இருந்தும் கேஸ்ல இருந்தும்"னு சொன்னேன். அவன் சிரிச்சான். நான் விளையாட்டுக்குச் சொல்லலை. யூரியாவில் இருக்கிற நைட்ரஜன் நாம மூச்சு விடுற காத்திலிருந்து வருது. அதோடு சேர வேண்டிய ஹைட்ரஜன், பூமிக்குள்ள இருந்து வர்ற இயற்கை எரிவாயுவில் இருந்து வருது. ரெண்டையும் சேர்த்தா அம்மோனியா. அதோடு கரியமில வாயுவைச் சேர்த்தா யூரியா.

"கேஸ் எங்க இருந்து வருது?"

"ராமநாதபுரம் பக்கத்துல இருந்தும் வருது."

"அங்க பூமிக்குள்ள கேஸ் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

அன்னைக்கு அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்க எழுதுதேன். ஏன்னா இந்தக் கதையில் எங்க அக்கா வீட்டு வயலும் வருது.

கிணத்து வெடி

எங்க வயல் பாளையங்கால் பாசனம். ஆனா ஊருக்குத் தெற்கே மேட்டாங்காடு, முழுக்க வெட்டுக்கிணறுதான். ரெண்டு ஆள் ஆழம் போனா பாறை வந்துரும். அப்புறம் பாறையில் தமர் அடிச்சு, தோட்டா திணிச்சு, திரி வச்சு வெடிக்கணும். நான் சின்னப் பையனா இருந்தப்போ சாயங்காலம் ஆனா "வெடி... வெடி..."னு குரல் வரும். ஆடு மேய்க்கிற பிள்ளைகள் எல்லாம் தூரப் போயிருவோம்.

அரை கிலோமீட்டர் தள்ளி நின்னாலும் முதல்ல காலுக்குத்தான் தெரியும். பாதத்தில் ஒரு குத்து. அப்புறம் ஒரு மூச்சு விட்டு இழுக்கிற நேரம் கழிச்சுதான் காதுக்கு "தொம்"னு கேக்கும். ஒரே வெடி எப்படி ரெண்டு தடவை வருதுன்னு எங்களுக்குள்ள பெரிய சண்டையே நடக்கும்.

கணக்கு ரொம்ப எளிது. காத்தில் சத்தம் ஒரு விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். அரை கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை விநாடி ஆகும். எங்க ஊர்ப் பாறை மாதிரி கெட்டிப் பாறையில் அதே அதிர்வு விநாடிக்கு 5 கிலோமீட்டர் போகும். அரை கிலோமீட்டரை விநாடியில் பத்தில் ஒரு பங்கில் கடந்திரும். காலுக்கு முதலிலும் காதுக்கு அப்புறமும் தெரியறது அதனாலதான்.

இதைப் பெரிய ஆள் ஒருத்தர் எங்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே செய்து பார்த்திருக்கார். அயர்லாந்தில் ராபர்ட் மேலட்னு ஒரு எஞ்சினியர். 1849-ல் டப்ளின் பக்கம் கில்லைனி கடற்கரை மணலில் வெடிமருந்தைப் புதைத்து வெடிக்க வச்சார். தூரத்தில் ஒரு தட்டில் பாதரசம். அதிர்வு வந்ததும் பாதரசத்தின் மேல் தெரிகிற பிம்பம் கலங்கும். எத்தனை நேரத்தில் கலங்குதுன்னு பார்த்து அதிர்வின் வேகத்தைக் கணக்கிட்டார். கருங்கல்லிலும் அதே மாதிரி செய்தார். அவருக்குக் கிடைத்த வேகம் உண்மையைவிட ரொம்பக் குறைவு. முதலில் வந்து சேர்ற மெல்லிய அதிர்வைக் காட்டுற அளவுக்கு அவருடைய கருவி நுட்பமா இல்லை. பூமியை முதல் முதலா காது வச்சுக் கேட்டவரே கொஞ்சம் தப்பாத்தான் கேட்டார். இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பீரங்கியைத் தேடப் போய் எண்ணெய்

முதல் உலகப் போரில் எதிரியின் பீரங்கி எங்கே ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்க, அது சுடும்போது வர்ற சத்தத்தையும் தரை அதிர்வையும் பல இடங்களில் பதிவு பண்ணிக் கணக்குப் போட்டாங்க. போர் முடிஞ்சதும் அந்த வித்தை பூமிக்குள்ள திரும்பிச்சு. ஜெர்மனியில் லுட்கர் மின்ட்ராப் என்ற சுரங்க அளவையாளர் 1919-ல் இதுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டார். 1924-ல் அவருடைய ஆட்கள் அமெரிக்காவின் டெக்சாஸில் பூமிக்கடியில் ஒளிஞ்சிருந்த ஒரு உப்புக் குன்றை இந்த முறையில் கண்டுபிடிச்சாங்க. உப்புக் குன்றின் ஓரங்களில் எண்ணெய் தேங்கும்னு அப்போதே தெரியும்.

அமெரிக்காவில் ஜான் கார்ச்சர் என்ற இயற்பியலாளர் இன்னொரு வழி பிடிச்சார். பக்கவாட்டில் ஓடுற அதிர்வை விட்டுட்டு, கீழே போய்ப் பாறை அடுக்கில் பட்டுத் திரும்பி வர்ற எதிரொலியைக் கேட்டார். 1921-ல் ஓக்லஹோமாவில் அதைச் செய்து காட்டினார். இன்னைக்கு உலகம் முழுக்க எண்ணெயும் வாயுவும் தேடுறது பெரும்பாலும் அவர் காட்டின இந்த எதிரொலி வழியில்தான்.

நம்ம ஊரில் காருகுறிச்சிப் பானை வாங்கும்போது பொம்பளைகள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பாங்க. கணீர்னு கேட்டா நல்ல பானை. சத்தம் உடைஞ்சு கேட்டா எங்கேயோ கீறல். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரியுது. இதுவும் அந்த ஜாதிதான். மேல வெடி வச்சுத் தட்டுறாங்க, வரிசையா நட்டு வச்ச கருவிகள் கேக்குது. அந்தக் கருவிக்கு ஜியோபோன்னு பேர். எதிரொலி போய்த் திரும்ப 2 விநாடி ஆச்சு, நடுவில் உள்ள பாறைகளில் சராசரி வேகம் விநாடிக்கு இரண்டரை கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். போக ஒரு விநாடி, வர ஒரு விநாடி. அப்போ அந்த அடுக்கு இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் இருக்குன்னு அர்த்தம்.

நம்ம காலடியில் ஏன் இல்லை?

"அப்போ நம்ம வயலுக்கு அடியிலயும் தட்டிப் பார்க்கலாமே"ன்னான் மருமகன். தட்டலாம். பிரயோஜனம் இல்லை. பொதிகையிலிருந்து பாளையங்கோட்டை தாண்டியும் தாமிரபரணி ஓடுறது பழம்பாறை மேல. நூறு கோடி, இருநூறு கோடி வருஷக் கணக்கில் சொல்ற பாறை. மேல இருக்கிற வண்டல் மெல்லிசான போர்வை மாதிரி. அந்தப் பாறை ஒரு காலத்தில் பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து வந்தது. வாயு உண்டாக, செத்த உயிர்களும் இலைதழையும் சேறோடு புதைஞ்சு மெதுவா சூடேறணும். வாயு தங்க, ஈரத்தை உறிஞ்சுற மாதிரி துளையுள்ள மணற்பாறை வேணும். அது தப்பிச்சுப் போகாம மேல களிப்பாறை மூடியிருக்கணும். இந்த மூணும் நம்ம காலடியில் இல்லை.

வடகிழக்கே ராமநாதபுரத்தில் இருக்கு. அதுக்குக் காரணம் பழைய ஒரு பாகப்பிரிவினை. இந்தியா, இலங்கை, அண்டார்டிகா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒண்ணா இருந்த பெரிய நிலம் உடைஞ்சப்போ, தமிழ்நாட்டின் கிழக்கு ஓரம் வடகிழக்கு, தென்மேற்காக விரிசல் விட்டது. சில பகுதிகள் தாழ்ந்து பள்ளமாச்சு. சில பகுதிகள் மேடாவே நின்னது. பள்ளங்களில் ஆறுகளும் கடலும் கோடிக்கணக்கான வருஷம் மணலையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்டிச்சு. புதுச்சேரியிலிருந்து மன்னார் வளைகுடா வரைக்கும் உள்ள இந்தப் பள்ளங்களைச் சேர்த்துக் காவிரிப் படுகைன்னு சொல்றாங்க. பேர் காவிரியோடதா இருந்தாலும் ராமநாதபுரமும் அதில் சேர்த்திதான்.

ராமநாதபுரம் போய்ப் பாருங்க, கண்ணுக்கு எட்டின வரை சமதளம், கண்மாய், கருவேலம். அந்தச் சமதளத்துக்கு அடியில் மலையும் பள்ளத்தாக்கும் புதைஞ்சு கிடக்கு. மண்டபத்திலிருந்து இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம் போற ஒரு மேடு அதில் முக்கியமானது. ஒரு மனுஷன் கூட அதைப் பார்த்ததில்லை. இடத்துக்கு இடம் மாறுற ஈர்ப்பு விசையை அளந்தும் எதிரொலியைக் கேட்டும்தான் அப்படி ஒரு மேடு இருக்குன்னே தெரிஞ்சது.

காரைக்காலில் இருந்து நரிமணம் வரை

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கல்லாய்ப் போன சிப்பியும் நத்தையும் கிடைக்கிறதை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. 19-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்கார நிலவியலாளர்கள் அதையெல்லாம் ஆராய்ந்து எழுதி வச்சுட்டாங்க. அங்கே வெளியே தெரியுற கடல் அடுக்குகள் கிழக்கே போகப் போகக் கீழே இறங்கி டெல்டா மண்ணுக்கு அடியில் மறைஞ்சிருது. மறைஞ்ச பிறகு எங்கே வளையுது, எங்கே உடையுதுங்கிறதுதான் கேள்வி.

சுதந்திரத்துக்கு அப்புறம் எண்ணெயை நாமே தேடணும்னு 1956-ல் ஓ.என்.ஜி.சி.யைத் தொடங்கினாங்க. கே.டி. மாளவியா அதுக்காக ரொம்பப் பாடுபட்டவர். சோவியத் நாட்டு வல்லுநர்கள் வந்து உதவினாங்க. 1958-ல் குஜராத்தில் காம்பே பக்கம் எண்ணெய் கிடைச்சது. தெற்கே காவிரிப் படுகையிலும் நில அதிர்வு ஆய்வு நடத்தி, 1964-ல் காரைக்காலில் முதல் ஆழ்துளைக் கிணறு போட்டாங்க. வியாபார அளவில் எண்ணெய் கிடைச்சது 1985-ல், நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில்.

நடுவில் 21 வருஷம். ஒரு தலைமுறை. காதுல கேட்டதைச் சரியாப் புரிஞ்சுக்க அவ்வளவு காலம் ஆகியிருக்கு. ஆரம்ப காலத்து எதிரொலிப் பதிவில் லாரிச் சத்தம், காத்து, அலை எல்லாம் கலந்து இருக்கும். அமெரிக்காவில் ஹாரி மேன் என்பவர் 1950-ல் ஒரு வழி சொன்னார். பூமிக்குள்ள இருக்கிற அதே புள்ளியைப் பல இடத்திலிருந்து தட்டிக் கேட்டு, எல்லாப் பதிவுகளையும் ஒண்ணு மேல ஒண்ணு சேர்க்கணும். உண்மையான எதிரொலி ஒவ்வொரு பதிவிலும் இருக்கும், அதனால் கூடிக்கிட்டே போகும். இரைச்சல் ஒவ்வொண்ணிலும் வேற மாதிரி இருக்கும், அதனால் அடங்கிரும். களத்தில் நெல்லைத் திரும்பத் திரும்பத் தூற்றினால் பதர் போய் மணி நிக்குதுல்ல, அது மாதிரி. அவ்வளவு கணக்கையும் போட நல்ல கம்ப்யூட்டர் வரணும். வந்த பிறகுதான் படம் தெளிஞ்சது.

ராமநாதபுரம் பக்கத்தில் கிடைச்சது வாயு. பெரியபட்டினம், பெருங்குளம், காஞ்சிரங்குடின்னு அங்கங்கே வயல்கள். இவங்க பாஷையில் வாயு இருக்கிற இடத்துக்கும் வயல்னுதான் பேர், அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாயுவை வச்சு வழுதூரில் மின் நிலையம் கட்டினாங்க. 2003-வாக்கில் அது ஓட ஆரம்பிச்சது.

அத்தான் வயலில் வந்த ஜீப்

எங்க அக்காவை ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கு. மானாவாரி நெல்லும் மிளகாயும். சில வருஷத்துக்கு முன்னாடி நான் அங்கே போயிருந்தப்போ காலையில் ஜீப்பும் டிராக்டரும் வந்து நின்னது. ஆளுகள் இறங்கி வயலுக்குக் குறுக்கே நூல் பிடிச்ச மாதிரி சின்னக் கொடி நட்டாங்க. அப்புறம் கேபிள் இழுத்தாங்க. கேபிளில் கொத்துக் கொத்தா ஜியோபோன், அடியில் ஆணி மாதிரி கூர். அதை மண்ணில் குத்திக்கிட்டே போனாங்க. இன்னொரு கூட்டம் குழாய் வச்சுக் குழி போட்டு, உள்ளே வெடியை இறக்கி, மண்ணைப் போட்டு மூடிச்சு.

அத்தான் வரப்பில் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாவ. "மாப்ள, இவங்க கேஸ் எடுக்கப் போறாங்களா?"

"இல்ல அத்தான், இப்போ கேக்கத்தான் செய்றாங்க."

"யார்ட்ட கேக்காங்க? என்ட்ட ஒண்ணும் கேக்கலியே!"

பக்கத்தில் நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்கு ராத்திரி படுத்தப்போ அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது.

வெடிச்சப்போ காலில் அதே குத்து. எங்க ஊர்க் கிணத்து வெடியைவிட ரொம்பச் சின்னது. நாலு நாளில் வேலையை முடிச்சுட்டுப் போயிட்டாங்க. மிதிபட்ட பயிருக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தாங்க. என்ன கேட்டுச்சு, என்ன இருக்குன்னு யாரும் திரும்ப வந்து சொல்லலை. சொல்லாத இடத்தில் வதந்தி முளைக்கும். ஒருத்தர் "பெட்ரோல் கடலே இருக்காம்"னார். இன்னொருத்தர் "கிணத்துத் தண்ணி எல்லாம் வத்திரும்"னார். ஒரு பாட்டி "தங்கம் இருக்கும், அதான் சொல்ல மாட்டேங்காங்க"ன்னுச்சு.

சோடா டம்ளர்

எதிரொலியில் வாயு எப்படித் தெரியும்? ஒரு சின்ன வேலை செய்து பாருங்க. கோலி சோடாவை டம்ளரில் ஊத்தி, நுரை இருக்கும்போதே அடியில் கரண்டியால் தட்டுங்க. மந்தமா கேக்கும். குமிழி வெளியேற வெளியேறச் சத்தம் கணீர்னு மேலே ஏறும். நீருக்குள் வாயுக் குமிழி இருந்தால் சத்தத்தின் வேகம் படுத்துரும், அதான் காரணம்.

மணற்பாறையின் துளைகளில் தண்ணிக்குப் பதில் வாயு இருந்தாலும் அதே கதைதான். அந்த அடுக்கில் வேகம் குறையுது. மேல மூடியிருக்கிற களிப்பாறைக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் கூடுது. அதனால் எதிரொலி பலமா வருது. 1970 வாக்கில் எண்ணெய்க் கம்பெனிகள் பதிவுகளில் இப்படிப் பளிச்சுனு தெரியுற இடங்களைத் தேடித் தேடித் துளை போட ஆரம்பிச்சாங்க. நிறைய இடத்தில் வாயு வந்தது. சில இடத்தில் தண்ணிதான் வந்தது, அதில் கொஞ்சூண்டு வாயு கரைஞ்சும் குமிழியாவும்.

சோடா டம்ளர் இங்கேயும் பதில் சொல்லும். சத்தத்தை மந்தமாக்க டம்ளர் முழுக்கக் குமிழி தேவையில்லை, கொஞ்சம் போதும். பாறையிலும் துளைகளில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வாயு இருந்தாலே வேகம் கிட்டத்தட்ட முழுசா விழுந்திரும். பத்தா, எண்பதான்னு எதிரொலியை மட்டும் வச்சுப் பிரிக்கிறது கஷ்டம். ஒண்ணு சும்மா போற குமிழி, இன்னொண்ணு ஒரு மின் நிலையத்தை ஓட்டுற சரக்கு.

சில சமயம் மேலே எரிமலைக் குழம்பு உறைஞ்ச பாறையோ கெட்டிச் சுண்ணாம்புக்கல்லோ இருந்தாலும் பளிச்சுனு காட்டும். இதைப் பிரிக்க 1984-ல் ஆஸ்ட்ராண்டர் என்ற அமெரிக்கர் ஒரு வழி எழுதினார். வெடிக்குப் பக்கத்தில் உள்ள ஜியோபோனில் எதிரொலி எவ்வளவு பலம், தூரத்தில் உள்ளதில் எவ்வளவு பலம்னு ஒப்பிட்டுப் பார்க்கணும். வாயு உள்ள மணலில் தூரம் கூடக் கூட எதிரொலி மாறுற விதமே தனி. இப்போ உலகம் முழுக்க இந்தக் கணக்கைப் போடுறாங்க. அப்பவும் துளை போட்டுப் பார்க்கிற வரைக்கும் அது ஊகம்தான். மேலட்டின் பாதரசத் தட்டிலிருந்து இன்னைக்கு இருக்கிற கம்ப்யூட்டர் வரை, எந்தக் கருவியும் "இங்கே வாயு இருக்கு"ன்னு சத்தியம் பண்ணிச் சொல்லாது.

எங்க ஊரில் தேங்காயைக் கையில் வச்சு நீரோட்டம் பார்க்கிறவர் மட்டும்தான் அப்படிச் சொல்வார்.

கடலுக்கு அந்தப் பக்கம்

நம்ம தாமிரபரணி புன்னைக்காயல் பக்கம் போய்ச் சேர்ற அதே மன்னார் வளைகுடாவில், இலங்கைப் பக்கம் நடந்ததையும் சொல்லணும். கெய்ர்ன் நிறுவனம் அங்கே கடலில் அதிர்வு ஆய்வு பண்ணி, 2011-ல் கிணறு போட்டது. அக்டோபரில் ஒரு கிணற்றில் வாயு, அதுக்கு டொராடோன்னு பேர். நவம்பரில் இன்னொண்ணு, பாரகுடா. கடலில் கேட்டது சரியாத்தான் இருந்தது. ஆனா கம்பெனி பிறகு விலகிப் போயிருச்சு. வாயு இன்னும் கடலுக்கு அடியிலேயே கிடக்கு. இருக்குன்னு தெரியுறதுக்கும் அது அடுப்புக்கு வர்றதுக்கும் நடுவில் விலை, ஆழம், குழாய், அரசியல்னு எவ்வளவோ இருக்கு.

ராமநாதபுரத்து வாயுவுக்கு அந்தக் குழாய் வந்தது 2021-ல். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர். பிப்ரவரி 17-ல் பிரதமர் திறந்து வச்சார். தூத்துக்குடி ஸ்பிக் ஆலை 1970களிலிருந்து நாப்தாவை வச்சு யூரியா செய்துக்கிட்டு இருந்தது. குழாய் வந்த பிறகு வாயுவுக்கு மாறிச்சு. அந்த ஊர் ஆலைகளுக்குத் தண்ணி நம்ம ஆத்திலிருந்து, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து போகுது. அதாவது அத்தான் ஊருக்கு அடியில் இருந்த வாயுவும் எங்க ஆத்துத் தண்ணியும் தூத்துக்குடியில் சந்திச்சு, மூட்டையாகி, திரும்ப எங்க வயலுக்கு வருது. இதை முழுசாப் புரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு நான் மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னேன்.

சரி, நீர் எந்தப் பக்கம்?

நகரத்து நண்பர்கள் சிலர் என்கிட்ட அடிக்கடி கேக்கிற கேள்வி இது. ஹைட்ரோகார்பன் வேணுமா, வேண்டாமா?

2017-ல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் சனங்கள் மாசக்கணக்கில் உக்காந்ததை நாம பார்த்தோம். அதே வருஷம் கும்பகோணம் பக்கம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிஞ்சு பெரிய போராட்டம் ஆச்சு. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்சுச் சட்டம் வந்தது. ராமநாதபுரம் அதில் இல்லை. 2025-ல் அந்த மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓ.என்.ஜி.சி.க்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்த செய்தி வெளியாகி, எதிர்ப்பு கிளம்பி, அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருக்கோம்னு மாநில அரசு அறிவிச்சது.

யூரியா போட்டு விளைய வைக்கிற நான், பூமிக்குள்ள இருந்து எதையும் எடுக்காதேன்னு கத்தினா அது நியாயமா இருக்காது. எங்க ஆத்து மணலை அள்ளிக்கிட்டுப் போனதைக் கண்ணால பார்த்த நான், எடுக்கிறவங்க சொல்றதை அப்படியே நம்பினாலும் அது புத்திசாலித்தனமா இருக்காது. நிலத்துக்கு நிலம், ஆழத்துக்கு ஆழம் வேற வேற. குடிநீர் அடுக்கைக் குழாய் எப்படிக் கடக்குது, கூடவே வர்ற உப்புத் தண்ணியை எங்கே விடுறாங்க, கசிஞ்சா யார் பொறுப்பு, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் பக்கம் பார்க்க முடியும்.

ஆனா ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்டதைச் சொல்லணும். மத்திய அரசு 2016-ல் தேசிய நில அதிர்வு ஆய்வுத் திட்டம்னு தொடங்கி, நாடு முழுக்க 48,243 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆய்வு பண்ணத் திட்டம் போட்டது. 2017-ல் இந்த மாதிரித் தரவுகளை ஒரே இடத்தில் சேர்த்து வைக்க, தேசியத் தரவுக் களஞ்சியம்னு ஒண்ணைத் திறந்தாங்க. ஏலம் கேக்க வர்ற கம்பெனிகள் அதைப் பார்த்து முடிவு எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். எங்க அத்தான் மாதிரி ஆளுக்கும் ஒரு பக்கத்தில், தமிழில், "உங்க ஊருக்குக் கீழே இந்த ஆழத்தில் இப்படி ஒரு மணல் அடுக்கு இருக்கு. வாயு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கிணறு போட்டால்தான் தெரியும். போடுறதா இருந்தா இன்னின்ன நடக்கும்"னு எழுதி ஊராட்சியில் ஒட்டினா என்ன குறைஞ்சிரும்? எதிரொலியில் எவ்வளவு உறுதி, எவ்வளவு ஊகம்னு அந்த விஞ்ஞானிகளே தங்களுக்குள்ள நேர்மையாப் பேசிக்கிறாங்க. அந்த நேர்மை வரப்பு வரைக்கும் வரணும்.

போன மாசம் அத்தான்ட்ட போன்ல பேசினேன். ஸ்பிக் யூரியா, குழாய், அவுக ஊர் வாயு எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டுட்டுச் சொன்னாவ, "அப்போ என் வயக்காட்டுல கேட்டதுல இருந்துதான் உனக்கு உரம் வருதோ?"

"உங்க வயக்காடுன்னு சொல்ல முடியாது அத்தான். அந்தச் சுத்துவட்டாரம்."

"அதான் மாப்ள. என் வயல்ல என்ன கேட்டுச்சுன்னு இன்னும் ஒருத்தரும் சொல்லலியே."

என்கிட்டயும் அதுக்குப் பதில் இல்லை.

மருமகன் நேத்து சென்னைக்குக் கிளம்பிட்டான். போறதுக்கு முன்னாடி சோடா வாங்கி டம்ளரில் ஊத்தித் தட்டித் தட்டிப் பார்த்தான், சத்தம் ஏறுறதைப் பதிவும் பண்ணிக்கிட்டான். ஈரம் காயுறதுக்கு முந்தி நான் உரத்தைத் தூவணும். மடையில் ஆள் நிக்குது. வாரேன்.